இசைக்கருவிக்கு ஒரு துபாஷி

'டிவைஸ் டிரைவர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் கணித்தமிழ் நண்பர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 'சாதன இயக்கி' என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஈழத்து நண்பர்கள் பேருந்து ஓட்டுகிறவரைச் 'சாரதி' என்பார்கள். அதையே இங்கும் கொண்டுவரலாமே என்று ஒருமுறை தோன்றியது. ஆனால் இந்த நிரல் எதையும் ஓட்டுவதில்லை. இதன் வேலை மொழிபெயர்ப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். இரண்டு பக்கத்து மொழியும் தெரியவேண்டும், இரண்டு பக்கத்து அவசரமும் புரியவேண்டும், ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தைக் கவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே மனத்துக்குள் 'துபாஷி' என்றும் எழுத்தில் 'டிரைவர்' என்றும் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்த காரணம் எளிமையானது. என்னிடம் யூஎஸ்பி கம்பியில் கணினியோடு பேசும் பழைய விசைப்பலகை ஒன்று இருக்கிறது. விசைகள் நல்ல கனமானவை, ஒன்றுகூடப் பழுதில்லை. அதோடு வந்த குறுந்தகட்டில் அந்தக் காலத்து விண்டோஸுக்கான டிரைவர் மட்டும்தான். விண்டோஸ் இரண்டு தலைமுறை மாறியதும் அந்த டிரைவர் செத்துப்போயிற்று. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். இந்த மாதிரிக்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய மாதிரிகளின் பட்டியலை இணைத்திருக்கிறோம் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. மரமும் எஃகும் நன்றாக இருக்க, நாலைந்து கிலோபைட் மொழிபெயர்ப்பு இல்லாத குற்றத்துக்காக ஒரு வாத்தியம் குப்பைக்குப் போகவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியில் லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. அதில் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

யுனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் ஒரு பழைய கொள்கை உண்டு: எல்லாம் கோப்பே. வட்டு, அச்சுப்பொறி, திரை, ஒலிபெருக்கி எல்லாமே 'டெவ்' என்ற அடைவுக்குள் ஒரு கோப்பாகக் காட்சி தரும். திற, படி, எழுது, மூடு என்ற நாலு வினைச்சொற்கள் போதும். இந்த நாலுக்குள் அடங்காத ஏவல்களுக்கு 'ஐஆக்டில்' என்று ஒரு ஐந்தாவது. அது ஒட்டுவேலை என்று யுனிக்ஸ் ஆசாரக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் காலத்து சன் நிறுவனக் கணினிகளில் 'டெவ்' அடைவில் 'ஆடியோ' என்ற கோப்பு இருக்கும். வினாடிக்கு 8000 மாதிரிகள் கொண்ட ஒலிக்கோப்பை அதன்மேல் அப்படியே கொட்டினால் ஒலிபெருக்கி பேசும். தனி நிரலே வேண்டியதில்லை. இந்த எளிமையில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

லினக்ஸுக்கு 1992-இல் ஃபின்லாந்துக்காரரான ஹன்னு சவொலைனன் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு எழுதிய டிரைவர் இந்த வழியில்தான் வந்தது. அதுவே வளர்ந்து ஓஎஸ்எஸ் என்ற பெயரைப் பெற்றது. ஃப்ரீபிஎஸ்டி இன்றும் நிரல்களுக்குக் காட்டுவது ஓஎஸ்எஸ் முகத்தைத்தான். லினக்ஸ் வேறு பாதையில் போயிற்று. செக் நாட்டு யாரொஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டைக்குத் தானே எழுதிய டிரைவரிலிருந்து 1998-இல் ஆல்சா என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார். 2002-இல் அது கெர்னலின் 2.5 சோதனை வரிசைக்குள் நுழைந்து, 2003 டிசம்பரில் வெளியான 2.6-இல் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. இரண்டில் எது மேல் என்ற சண்டை வெகுநாள் நடந்தது. அதற்குள் போகவேண்டாம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: கோப்புக்குப் பொறுமை உண்டு, இசைக்குக் கிடையாது. வட்டில் எழுதுவது அரை வினாடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. மிருதங்கத்தின் ஒரு சொல் அரை வினாடி தள்ளி விழுந்தால் கச்சேரி போச்சு. ஆல்சாவின் சிக்கல்களில் பாதி, காலம் என்ற இந்த ஒன்றைக் கோப்புக்குள் அடக்கப் பார்த்ததால் வந்தவை.

இசைச் சாதனங்களுக்கான டிரைவர்களில் இரண்டு ஜாதி. ஒன்று ஒலியையே கையாள்வது. மற்றது எந்த விசை, எவ்வளவு அழுத்தம் என்ற செய்தியை மட்டும் கொண்டுபோவது, அதாவது மிடி. என் விசைப்பலகை இரண்டாம் ஜாதி.

மிடி 1983-இல் வந்தது. வினாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு காவல் பிட் சேர்த்துப் பத்து பிட்; ஆக ஒரு பைட் கம்பியில் போக 320 மைக்ரோவினாடி. ஒரு ஸ்வரத்தைத் தொடங்க மூன்று பைட்டுகள், ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி. முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏவல். அதற்குக் கீழே இருந்தால் ஏவலுக்கான விவரம். முதல் சானலில் பியானோவின் நடு ஸ்வரத்தை ஒலிக்கவை என்பதற்கு 144, 60, பிறகு அழுத்தத்தின் அளவு. அழுத்தம் 0 என்றால் அந்த ஸ்வரத்தை நிறுத்து என்று பொருள். இவ்வளவுதானா என்று தோன்றும். பொறிகள் இனிமேல்தான். ஒரே ஏவல் தொடர்ந்து வந்தால் இரண்டாம் முறை 144-ஐச் சொல்லாமல் விவரத்தை மட்டும் அனுப்பலாம் என்று ஒரு சிக்கன விதி உண்டு. தாளக் கடிகாரத்தின் துடிப்பான 248 என்ற பைட், வேறொரு செய்தியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில்கூடப் புகுந்து வரலாம்; அதைத் தனியே எடுத்துக்கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். ஒரு பைட்டை டிரைவர் தொலைத்தால் என்ன ஆகும்? நிறுத்து என்ற செய்தி தொலைந்தால் ஸ்வரம் நிற்காது. நாயனக்காரர் எழுந்து போனபிறகும் ஒத்துக்காரர் விடாமல் ஊதிக்கொண்டிருப்பதுபோல் அது கேட்டுக்கொண்டே இருக்கும். மேடையில் இருப்பவர் மின்சாரத்தைப் பிடுங்கவேண்டியதுதான்.

இங்கே ஓர் இடைச்செருகல். கமகம் இல்லாத இந்த மிடியில் நம் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. ஸ்வரத்தை வளைக்க மிடியில் தனிச் செய்தி இருக்கிறது, 16,384 படிகள் கொண்டது. படிகள் போதாது என்று சொல்லமுடியாது. குறை வேறு இடத்தில்: அந்த வளைவு ஒரு சானலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். தாரத்தில் ஒரு ஸ்வரத்தை அசைக்கும்போது கீழே பிடித்துவைத்த ஷட்ஜமமும் கூடவே ஆடும். ஸ்வரத்துக்கு ஒரு சானல் என்று பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு 2018-இல்தான் மிடி விதிகளுக்குள் முறையாகச் சேர்ந்தது. 2020-இல் வந்த மிடி 2.0 ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனி வளைவு தருகிறது. லினக்ஸ் கெர்னலில் அதற்கான இடம் 2023-இல், 6.5 பதிப்பில் வந்தது.

சரி, யூஎஸ்பிக்கு வருவோம். யூஎஸ்பி சாதனம் ஒன்றைச் செருகியதும் அது தன் ஜாதகத்தைக் கணினியிடம் ஒப்பிக்கும். தயாரிப்பாளர் எண், மாதிரி எண், எந்த வகுப்பைச் சேர்ந்தது, எத்தனை வாசல்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். 'எல்எஸ்-யூஎஸ்பி' என்ற கட்டளை இதைப் படித்துக் காட்டும். ஒலி வகுப்பின் எண் 1, அதற்குள் மிடி துணைவகுப்பின் எண் 3. ஒரு சாதனம் இந்த இரண்டு எண்களைச் சொல்லி, தன் விவரங்களையும் விதிப்படி கொடுத்துவிட்டால், லினக்ஸில் பொதுவான யூஎஸ்பி ஒலி டிரைவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். யாரும் எதையும் எழுதவேண்டாம். என் விசைப்பலகை சொன்ன எண் 255. 'இது என் சொந்த மொழி, என் டிரைவர் இல்லாமல் பேசமாட்டேன்' என்று அர்த்தம்.

சொந்த மொழி என்றால் எவ்வளவு சொந்தம்? அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒட்டுக்கேட்பதுதான். லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, அதில் பழைய விண்டோஸையும் குறுந்தகட்டு டிரைவரையும் நிறுவி, விசைப்பலகையை அதனிடம் ஒப்படைத்தேன். கம்பியில் போகும் எல்லாமே வெளியே இருக்கும் லினக்ஸ் வழியாகத்தான் போயாகவேண்டும். லினக்ஸில் 'யூஎஸ்பி-மான்' என்ற வசதி ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரதி எடுத்துக் கொடுக்கும். வயர்ஷார்க் நிரலில் அதைப் பார்க்கலாம். நடு விசையை அழுத்தினேன். 9, 144, 60, 71 என்று நாலு எண்கள் வந்தன. விரலை எடுத்தேன். 9, 144, 60, 0.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1999-இல் வெளியான யூஎஸ்பி மிடி விதி சொல்லும் பொட்டலம் அட்சரம் பிசகாமல் இதேதான். முதல் பைட்டின் மேல்பாதி எந்தக் கம்பி என்பதையும், கீழ்ப்பாதி என்ன வகைச் செய்தி என்பதையும் சொல்லும். மிச்ச மூன்றும் பழைய மிடி பைட்டுகள். ரகசியத் தொடக்க மந்திரம் ஏதும் உண்டா என்று முதலிலிருந்து தேடினேன், ஒன்றும் இல்லை. ஊரறிந்த மொழியைப் பேசிக்கொண்டே, நெற்றியில் மட்டும் 255 என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. பொது டிரைவருக்குள், விதியை மீறும் சாதனங்களுக்கென்றே ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. யமஹா, ரோலண்ட் உட்படப் பல நிறுவனங்களின் சாதனங்களுக்கு அதில் வரிகள் உண்டு. என் சாதனத்துக்கும் ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே முதலில் தனி டிரைவர் ஒன்றை எழுதினேன். முன்னூறு வரிக்குள் அடங்கியது. எழுத விரும்புகிறவர்களுக்காக அதன் எலும்புக்கூட்டைச் சொல்கிறேன்.

டிரைவர் என்பது தானாக ஓடும் நிரல் அல்ல. அதற்குத் தொடக்கம், முடிவு என்ற கதைப்போக்கே கிடையாது. 'இது நடந்தால் என்னை இப்படிக் கூப்பிடு' என்று கெர்னலிடம் கொடுத்துவைக்கும் சில செயற்கூறுகளின் தொகுப்பு, அவ்வளவுதான். சாதாரண நிரல் எழுதிப் பழகியவர்களை முதலில் குழப்புவது இதுவே. 'இந்தத் தயாரிப்பாளர் எண், இந்த மாதிரி எண் கொண்ட சாதனம் செருகப்பட்டால் என்னை எழுப்பு' என்று பதிவு செய்கிறோம். செருகியதும் 'புரோப்' என்ற செயற்கூறு அழைக்கப்படும். அதில் ஆல்சாவிடம் ஓர் 'அட்டை' கேட்டு வாங்கி, அதற்குள் ஒரு மிடி சாதனத்தை உருவாக்கி, திற, மூடு, தொடங்கு ஆகிய மூன்றுக்கும் நம் செயற்கூறுகளைச் சுட்டிவிட்டு, கடைசியில் அட்டையைப் பதிவு செய்யவேண்டும். பதிவை முதலிலேயே செய்துவிடக்கூடாது. பதிவானதும் கோப்பு 'டெவ்' அடைவில் தோன்றிவிடும். அடுத்த நொடியே எவராவது அதைத் திறக்கலாம். கடையில் சரக்கு அடுக்குவதற்குமுன் கதவைத் திறந்த கதையாகிவிடும்.

சாதனத்திடமிருந்து வாங்குவதற்கு 'யூஆர்பி' என்ற கோரிக்கைச் சீட்டு. அதில் 64 பைட் காலி இடத்தைக் கட்டி யூஎஸ்பி அடுக்கிடம் கொடுத்துவிட்டு வந்துவிடவேண்டும். விசை அழுத்தப்பட்டதும் சீட்டு நிரம்பித் திரும்பி வரும். நாலு நாலாகப் பிரித்து, மிடி பைட்டுகளை ஆல்சாவிடம் ஒப்படைத்துவிட்டு, அதே சீட்டை மறுபடி அனுப்பவேண்டும். இந்த இடத்தில்தான் கெர்னலின் ஆசாரம் குறுக்கே வரும். சீட்டு திரும்பி வரும் தருணத்தில் ஓடும் நிரல் தூங்கக்கூடாது. 'தூங்குவது' என்றால் எதற்காகவும் காத்திருப்பது. நினைவகம் கேட்டால்கூட 'இருந்தால் இப்போதே கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்' என்ற தோரணையில்தான் கேட்கவேண்டும். பயனர் நிரலில் தப்பு செய்தால் அந்த நிரல் மட்டும் சாகும். கெர்னலுக்குள் அதே தப்பு மொத்தக் கணினியையும் நிறுத்திவிடும், சேமிக்காத கடிதங்கள் உட்பட. சோதனைக்குத் தனிக் கணினியோ மெய்நிகர் கணினியோ இல்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

என்னை அதிக நாள் பிடித்துக்கொண்டது அவிழ்ப்பது. யூஎஸ்பி கம்பியை யாரும் எப்போதும் பிடுங்கலாம். ஒரு நிரல் கோப்பைத் திறந்துவைத்திருக்கும்போதே கருவி காணாமல் போய்விடும். அப்போது மூன்று காரியங்கள் வரிசை தவறாமல் நடக்கவேண்டும். சாதனம் போய்விட்டது என்று ஆல்சாவுக்குச் சொல்லவேண்டும். வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் சீட்டுகளை ரத்து செய்து, அவை உண்மையிலேயே திரும்பி வந்துவிட்டன என்று உறுதி செய்யவேண்டும். கடைசியாக, கோப்பைத் திறந்துவைத்திருப்பவர் மூடியபிறகுதான் நினைவகத்தை விடுவிக்கவேண்டும். கோப்பு திறந்திருக்கும்போதே விடுவித்தால், இல்லாத இடத்தில் அந்த நிரல் கைவைக்கும். பல டிரைவர்களை வாசித்துப் பார்த்ததில், எழுதியவர் எவ்வளவு நிதானக்காரர் என்பதை இந்தப் பகுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஒலியையே கையாளும் முதல் ஜாதி டிரைவருக்கு வேறு ஒரு பாடம் தேவை. அங்கே நிரலுக்கும் வன்பொருளுக்கும் நடுவே ஒரு வட்டமான பஃபர். கோயில் பிராகாரத்தைச் சுற்றி ஒருவர் விளக்குகளை ஏற்றிக்கொண்டே போகிறார், பின்னால் வருபவர் அணைத்துக்கொண்டே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுகிறவர் நிரல், அணைக்கிறவர் ஒலி அட்டை. அட்டை ஒரே சீரான நடையில் வரும், நிற்கவே நிற்காது. நிரல் எங்கேயாவது நின்று வேறு வேலை பார்த்தால், அட்டை அதைப் பிடித்துவிடும். எடுக்க ஒலி இருக்காது. 'டக்' என்று ஒரு வெட்டு கேட்கும். ஆல்சாக்காரர்கள் இதை 'எக்ஸ்ரன்' என்பார்கள்.

பிராகாரம் சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பங்கு முடியும்போதும் அட்டை இன்டரப்ட் கொடுக்கும். டிரைவர் அதை ஆல்சாவுக்குச் சொல்லும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், பங்குக்கு 256 என்றால் ஒரு பங்கு 5.33 மில்லிவினாடி. இரண்டு பங்குகள் வைத்தால் 10.7. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே இந்தத் தாமதம், பக்கவாத்தியக்காரர் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மேடையில் இது சாதாரணம்தான். பங்கைப் பெரிதாக்கினால் வெட்டு வராது, ஆனால் பக்கவாத்தியக்காரர் மண்டபத்துக்கு வெளியே போய்விடுவார். சிறிதாக்கினால் அருகில் வருவார், ஆனால் நிரலுக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்த மூச்சுத்திணறலைக் குறைக்கத்தான் கெர்னலை நிகழ்நேரத்துக்கு ஏற்றதாக்கும் முயற்சி இருபது வருடம்போல் வெளியே தனி இணைப்பாகவே நடந்து, கடைசியில் 2024-இல் 6.12 பதிப்பில் மூலக் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது.

இங்கே புதிதாக எழுதுகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்டரப்ட் வந்ததும் நம் தரவுகளைக் காக்க ஒரு பூட்டு போடுவோம். பூட்டைப் பிடித்துக்கொண்டே 'பங்கு முடிந்தது' என்று ஆல்சாவிடம் சொன்னால், அது உடனே 'இப்போது எந்த இடத்தில் இருக்கிறாய்?' என்று நம்மிடமே திரும்பக் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் நம் செயற்கூறு அதே பூட்டைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். சாவியோ உள்ளே நம் இடுப்பில். கணினி அப்படியே உறைந்துவிடும். சொல்வதற்கு முன் பூட்டைத் திறந்துவிடவேண்டும். ஆல்சாவை நெடுங்காலமாகப் பராமரித்துவரும் தகாஷி இவாய் எழுதிய டிரைவர் கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கையேடு கெர்னல் மூலத்தோடு கூடவே வருகிறது. இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட கெர்னல் ஆவணங்கள் அதிகம் இல்லை.

இவ்வளவும் கெர்னலுக்குள் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மிடி மட்டும் என்றால் லிப்யூஎஸ்பி என்ற நூலகத்தை வைத்துக்கொண்டு வெளியிலிருந்தே எல்லாம் செய்துவிடலாம். தப்பு செய்தால் கணினி சாகாது. ஆனால் கணினியைத் திறந்ததும் அந்த நிரலை ஓடவைப்பது யார், கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் எழுப்புவது யார் என்ற நிர்வாகம் நம் தலையில் விழும். கெர்னலுக்குள் ஒரு வரி இருந்தால், செருகியவுடன் எல்லா இசை நிரல்களும் கருவியைப் பார்த்துவிடும். அதனால் என் முன்னூறு வரி டிரைவரைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டு, பயன்பாட்டுக்கு அட்டவணை வரியைத்தான் எழுதினேன்: தயாரிப்பாளர் எண், மாதிரி எண், திரையில் தெரியவேண்டிய பெயர், 'இது உண்மையில் மிடிதான்' என்ற குறிப்பு.

முன்னூறு வரியை ஏன் வெளியே தனியாகவே வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கெர்னலின் உள்ளிடைமுகங்கள் நிலையானவை அல்ல. யாரும் எப்போதும் மாற்றலாம், முன்னறிவிப்பு கிடையாது. வெளியே இருக்கும் டிரைவர் இரண்டு வருடத்தில் தொகுக்கக்கூட முடியாமல் போகும். ஆனால் மூலத்துக்குள்ளேயே இருக்கும் டிரைவருக்கு ஒரு சலுகை: இடைமுகத்தை மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் திருத்தித் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். என் விசைப்பலகையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் அதற்காகவும் சேர்த்துத் திருத்தம் செய்வார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கருவி தூசி படிந்து கிடந்தால், முதலில் லினக்ஸ் கணினி ஒன்றில் செருகி 'எல்எஸ்-யூஎஸ்பி' என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1, 3 என்றால் கவலையே இல்லை. 255 என்றால் அதன் மாதிரி எண் ஏற்கெனவே அந்த அட்டவணையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பழைய குறுந்தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒட்டுக்கேட்க அது வேண்டும். எழுதிப் பழகக் கருவியே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கெர்னல் மூலத்தில் 'டம்மி' என்று ஒரு ஒலி டிரைவர் உண்டு. வன்பொருளே இல்லாமல், கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலி அட்டைபோல் நடிக்கும். கையேட்டை ஒரு பக்கமும் அதை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.